பூசலார் குறித்த நாள்

அரக்கோணம் மார்க்கத்துப் புறநகர் ரயிலில் அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம் நிலையங்களைக் கடந்து மேற்கே சென்றால் திருநின்றவூர். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த பக்தவத்சலப் பெருமாளும் என்னைப் பெற்ற தாயாரும் எழுந்தருளியிருக்கும் திவ்யதேசம். அதே ஊரில் சிவபெருமான் இருதயாலீஸ்வரர் என்னும் திருநாமத்துடன் அருள்பாலிக்கிறார். பெருமாளையும் தாயாரையும் சேவித்துவிட்டு ஈஸ்வரன் சன்னதிக்கும் சென்று வருவது எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம்.

பூசலார் நாயனாரின் வரலாறு வாசக அன்பர்களுக்குப் புதிதன்று. ஆயினும் அதில் ஒரு சிறு பகுதியை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் அவதரித்த சேக்கிழார் பெருமான், பூசலார் மனத்தில் கோயில் எழுப்பிய விதத்தைப் பெரியபுராணத்தில் படிப்படியாகக் கூறுகிறார். பொருள் கிடைக்காமல் வருந்திய அந்த அந்தணர், உள்ளத்துக்குள்ளேயே வேண்டிய பொருள்களைச் சேர்க்கிறார், தச்சர்களைத் தேடிக்கொள்கிறார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் இடுகிறார், அடி முதல் சிகரம் வரை அளவு பிசகாமல் எழுப்புகிறார், கிணறு தோண்டி, மதில் எடுத்து, குளமும் அமைக்கிறார். கடைசியாகப் பெருமானை எழுந்தருளச் செய்ய ஒரு நாளும் குறிக்கிறார். காஞ்சியில் கற்றளி எழுப்பிய காடவர்கோன் குறித்ததும் அதே நாள்தான். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, அந்த நாள் நின்றவூர்ப் பூசலுக்கு உரியது, உன் விழாவைப் பின்னர் வைத்துக்கொள் என்று அருளியதும், மன்னன் திருநின்றவூருக்கு வந்து அந்தக் கோயில் எங்கே என்று தேடியதும் நாம் அறிந்தவையே.

மனத்தில் கட்டிய கோயிலுக்கும் அளவு வேண்டியிருந்தது, நாள் வேண்டியிருந்தது. இந்தக் கட்டுரைக்கு அடிப்படை அதுதான்.

இருதயாலீஸ்வரர் சன்னதிக்கு இருதய நோயாளிகள் வெகு தொலைவிலிருந்தும் வந்து பிரார்த்தனை செய்கிறார்கள். கருவறையிலேயே பூசலாரின் திருவுருவமும் இருப்பதால், இருவரையும் ஒருசேரத் தரிசிக்கலாம். பிராகாரத்தில் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தால், அர்ச்சனைத் தட்டோடு மருத்துவமனைக் கோப்பையும் கையில் வைத்திருப்பவர்களைக் காணலாம். அடுத்த வாரம் ஆஞ்சியோகிராம் என்பவர், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்பவர், நல்லபடியாக முடிந்தது, நன்றி சொல்ல வந்தோம் என்பவர். பேச்சுக் கொடுத்தால் ஒன்று தெரியவரும். ஏறத்தாழ எல்லோரும் நோய் தன்னைக் காட்டிக்கொண்ட பிறகு மருத்துவரிடம் போனவர்கள். ஒன்றும் இல்லாதபோதே பார்த்துக்கொண்டேன், அப்போதே தெரிந்தது என்று சொல்பவர் மிகச் சிலர்.

அப்படிச் சொல்பவர்கள் அதிகமாக வேண்டும். முதுமையில் நம்மை வீழ்த்தும் நோய்களில் பல, வருவதற்கு முன் கதவைத் தட்டுவதில்லை. இரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே இருந்தாலும் தலைவலிகூட வராமல் இருக்கலாம். சர்க்கரை நோயும் அப்படியே. கண் நீர் அழுத்த நோயில் முதலில் பக்கப் பார்வைதான் குறைகிறது. நேர்ப் பார்வை நன்றாக இருப்பதால் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு நடந்த அரசு ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தோர் நூற்றுக்கு ஏழு பேர் அளவே. மீதிப் பேர் எல்லோரும் அலட்சியக்காரர்கள் என்று நான் எண்ணவில்லை. தமக்கு இருப்பதே தெரியாதவர்கள் அவர்களில் கணிசம்.

நான் வேலை பார்த்த இடத்தின் பழக்கம் ஒன்று எனக்கு இன்றும் போகவில்லை. வங்கியில் ஒவ்வொரு நாளும் கணக்கு முடிக்கும்போது ரொக்க இருப்பை எண்ணுவோம். பணம் குறைந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்த நாளில் மட்டும் எண்ணுவது என்று எந்தக் கிளையிலும் வழக்கமில்லை. காசாளர் எத்தனை நாணயஸ்தராக இருந்தாலும் எண்ணியே ஆக வேண்டும். அவரும் அதை அவமதிப்பாகக் கருதுவதில்லை.

பகவான் பார்த்துக்கொள்வார் என்றால்

இங்கே ஒரு வாதத்தைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. நம் வயதினர் பலர், "எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான். நாமாகப் போய் எதற்கு நோயைத் தேட வேண்டும்?" என்கிறார்கள். சொல்பவர் உள்ளத்தில் உண்மையான சரணாகதியும் இருக்கலாம், பயமும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது பிறருக்கு எளிதன்று. ஆனால் சரணாகதி என்ற பெயரில் பயம் ஒளிந்துகொள்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் ஆலயங்கள் இதற்கு என்ன சொல்கின்றன? சன்னதியில் இறைத் திருமேனி பீடத்தோடு பொருந்தியிருக்கும் இடத்தில் அஷ்டபந்தனம் சாத்துகிறார்கள். கொம்பரக்கு, சுக்கான் கல், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் சேர்த்து இடித்துச் செய்யும் அந்தக் கலவைக்கு நம் முன்னோர் வைத்த பெயரே 'மருந்து' என்பதுதான். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது அதைப் புதுப்பிக்கிறார்கள். திருமேனி ஆடத் தொடங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பதில்லை. பாலாலயம் செய்து, விமானத்தில் விரிசல் உண்டா, தளத்தில் நீர் கசிகிறதா என்று பார்த்துத் திருப்பணி செய்த பின்னரே குடமுழுக்கு. திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் ஆண்டு முழுதும் சந்தனக் காப்பில் இருக்கிறார். சித்திரை சதயத்தை ஒட்டி அந்தக் காப்பைக் களைந்து புதிதாகச் சாத்துகிறார்கள். ஆண்டவன் குடியிருக்கும் இடத்துக்கே காலம் தவறாத பராமரிப்பை விதித்தவர்கள், நம் உடம்புக்கு அது வேண்டாம் என்று சொல்லியிருப்பார்களா?

வைத்தியத்தையும் அவர்கள் கோயிலுக்கு வெளியே நிறுத்தவில்லை. காஞ்சிபுரத்துக்கு அருகில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளுடன் ஓர் ஆதுலசாலை நடந்ததையும், அதில் வைத்தியரும் அறுவை செய்பவரும் பணிப்பெண்களும் இருந்ததையும், அவர்களுக்கு அளக்கவேண்டிய நெல்லையும், இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளையும் அது பட்டியலிடுகிறது. கணக்கு எழுதியே காலம் கழித்த எனக்கு, அந்தக் கல்வெட்டின் நெல் கணக்கில் தனி ஈடுபாடு உண்டு என்பதை மறைப்பானேன்!

ஒரு நடுப்பகல் பிரதட்சிணம்

எங்கள் மார்கழி பஜனை கோஷ்டியில் ஒரு நண்பர். வயது 67. ஜால்ரா பிடித்தால் நிறுத்த மனம் வராது. சென்ற சித்திரையில் ஒரு தலத்துக்குப் போனவர், உச்சி வேளையில் வெறுங்காலுடன் கருங்கல் தளத்தில் மூன்று சுற்றுச் சுற்றினார். உடன் போனவர்கள் சூடு தாங்காமல் சணல் விரிப்பின் மேல் ஓடி ஒதுங்கினார்கள். இவர் மட்டும் நிதானமாக நடந்தார். அவருடைய பக்தியை எல்லோரும் மெச்சினார்கள். ஐந்தாறு நாள் கழித்து, படுக்கை விரிப்பில் ஈரக் கறை இருப்பதைக் கண்டு மருமகள்தான் அவர் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து புண்ணாகி, விரல் வரை பரவியிருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் சர்க்கரை நோய் தெரிந்தது. அது வந்து பல ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், கால் நரம்புகள் உணர்வை இழந்துவிட்டன என்றார்கள். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அன்று அவருக்குச் சூடு உறைக்காததை நாங்கள் பக்தி என்று எண்ணினோம். அது நோயாக இருந்தது. இன்றும் பஜனைக்கு வருகிறார். திண்ணையோரம் நாற்காலியில் அமர்ந்து ஜால்ரா போடுகிறார்.

இதைப் படிக்கும் அன்பர்களில் சர்க்கரை உள்ளவர்கள், அல்லது உண்டா இல்லையா என்று பல ஆண்டுகளாகப் பார்க்காதவர்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் பாதங்களைக் காட்ட வேண்டும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் ஆங்காங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். வலி கிடையாது, சில நிமிட வேலை. வீட்டில் ஒவ்வொரு இரவும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்த்துக்கொள்வது நல்லது. குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கோயிலுக்குக் காலையிலோ மாலையிலோ செல்லலாம். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் செல்ல விரும்புவோர், காலில் உணர்வு சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு புறப்பட வேண்டும். அருணாசலேஸ்வரர் எங்கும் போய்விடப் போவதில்லை.

அளவுகள்

சர்க்கரைக்கு: இரவு உணவுக்குப் பின் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் உட்கொள்ளாமல், காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். 126 அல்லது அதற்கு மேல் இருந்து, மறுமுறை பார்த்தபோதும் அப்படியே இருந்தால் சர்க்கரை நோய். ஹெச்.பி.ஏ.1சி என்ற சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும், அதில் 6.5 விழுக்காடு எல்லை. முதல் நாள் மட்டும் இனிப்பை ஒதுக்கிவைத்து மருத்துவரை ஏமாற்ற நினைப்பவர்களிடம் இந்தச் சோதனை ஏமாறாது.

விரதம் இருப்பவர்கள் கவனிக்க: ஏகாதசி முழு உபவாசம் இருந்த மறுநாள் காலை, எப்படியும் வெறும் வயிறுதானே என்று பரிசோதனைக்குப் போகாதீர்கள். பட்டினி அளவுக்கு மேல் நீண்டால் முடிவுகள் மாறக்கூடும். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், விரத நாளில் மருந்தை என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயிற்றைக் காயப்போட்டால், சர்க்கரை தாழ்ந்து சன்னதியிலேயே மயங்கி விழ நேரிடும். கிருத்திகையோ பிரதோஷமோ, எத்தனை விரதம் இருக்கிறீர்கள் என்பதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்கக்கூடாது.

இரத்த அழுத்தம்: மருத்துவமனைப் படியேறி மூச்சு வாங்கியபடியே கையை நீட்டினால் வரும் எண் உங்களுடையது ஆகாது. காபி குடித்து அரைமணி ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார வேண்டும். கை இருதயத்தின் மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். பொதுவாக 140க்கு 90 என்பது எல்லை. ஒருநாள் அளவை வைத்து முடிவு கட்டாமல் வேறு நாள்களிலும் பார்ப்பார்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொன்றும் உண்டு. சாஷ்டாங்கமாக நமஸ்கரித்து எழும்போது கண் இருட்டுகிறதா? தலை சுற்றித் தூணைப் பிடித்துக்கொள்கிறீர்களா? வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறையும், எழுந்து நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களிலும் அழுத்தத்தைப் பார்க்கும்படி கேளுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், அழுத்த மாத்திரையின் அளவிலோ நேரத்திலோ மாற்றம் தேவைப்படலாம். பிராகாரத்தில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார். விழும் வாய்ப்பு உண்டா என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 வினாடிக்கு மேல் ஆனால், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பேரனைக் கைக்கடிகாரத்தோடு நிற்கவைத்து இதைச் செய்யலாம். அவனுக்கும் விளையாட்டாக இருக்கும்.

நாடியையும் பார்க்கச் சொல்லுங்கள். துடிப்பு தாளம் தப்பி, முன்பின்னாக வந்தால் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள். முதியவர்களுக்குப் பக்கவாதம் வருவதற்கு இந்தத் தாளப் பிசகு ஒரு முக்கியக் காரணம். தெரிந்துவிட்டால் தடுக்க மருந்து உண்டு. சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின், கொழுப்பு ஆகியவை எளிதில் முடியும் காரியங்கள். ஆனால் நெஞ்சில் இறுக்கம், நடந்தால் மூச்சு வாங்குதல், ஒரு பக்கக் கையோ வாயோ இழுத்தல் போன்றவற்றுக்குப் 'பரிசோதனை நாள்' பார்க்கக்கூடாது. அந்த நிமிடமே 108ஐ அழைக்க வேண்டும்.

சொல்லாமல் மறைப்பவர்கள்

வீட்டில் அவருக்குச் சர்க்கரை மாத்திரை, பிள்ளைக்கு டிபன் டப்பா, பேத்திக்கு இருமல் மருந்து என்று எல்லார் கணக்கையும் மனத்தில் வைத்திருக்கும் அம்மையார், தம் கணக்கை மட்டும் திறப்பதே இல்லை. "பையன் ஊரிலிருந்து வரட்டும்", "இந்த நவராத்திரி போகட்டும்", "என் உடம்புக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று தவணை வாங்கிக்கொண்டே போகிறார்.

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் பிறந்த கதையில் இப்படி ஒரு வீட்டுத் துயரம் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனைதான் பல ஆண்டுகளுக்குப் பின், 1954இல், அந்த நிலையமாக உருவெடுத்தது. அடுத்த ஆண்டு அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம் என்பதை மக்களிடம் கொண்டுசெல்வதை அவர் தம் வாழ்நாள் பணியாகவே கொண்டிருந்தார்.

அரசின் தேசியத் திட்டப்படி 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகம், வாய் ஆகிய மூன்றையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஆண்களுக்கு வாய்ப் பரிசோதனை உண்டு. வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போடும் பழக்கம் இருந்தவர்கள், இப்போது விட்டுவிட்டிருந்தாலும் வாயைக் காட்ட வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெண்படை, சிவப்புத் திட்டு இருந்தால் காத்திருக்கவே கூடாது. மார்பில் கட்டி தட்டுப்பட்டால், வலிக்கவில்லையே என்று ஆறுதல் அடைய வேண்டாம். வலியில்லாத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும். மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு துளி உதிரம் பட்டாலும், வயது 60 ஆனாலும் 80 ஆனாலும், பெண் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

இதை ஆன்மிக இதழில் எழுதலாமா என்று யோசித்தேன். என் உறவினர் ஒருவர், 70 வயதைக் கடந்தவர், நான்கு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். 'தீட்டு' என்று தாமே முடிவு செய்துகொண்டாராம். காரணம் கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றார். கடைசியில் அவருடைய மகள் புரிந்துகொண்டு அழைத்துச் சென்றாள். நோய் கர்ப்பப்பையைத் தாண்டாமல் இருந்ததால் அறுவைச் சிகிச்சையோடு முடிந்தது. இன்னும் நான்கு மாதம் முழங்கால் வலியாகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

எத்தனை சோதனை வேண்டும்?

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் காலையில் நடக்கப் போனால் பரிசோதனைக்கூட விளம்பரங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இத்தனை சோதனை, இத்தனை ரூபாய், இன்று மட்டும் பாதி விலை! எண்ணிக்கை கூடினால் பாதுகாப்பு கூடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது சரியன்று. தேவையில்லாத சோதனை ஒன்றில் எண் சற்றுப் பிசகினால், அதைத் துரத்திக்கொண்டு ஸ்கேன், மறு ஸ்கேன் என்று மாதக்கணக்கில் அலைய நேரிடும். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குப் புற்றுநோய்க் குறியீடுகள் என்று வரிசையாகப் பார்ப்பதால் பயனில்லை. புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. சோதனையைக்கூட, நன்மை தீமைகளை மருத்துவரிடம் கேட்டுக்கொண்ட பிறகு முடிவு செய்வதே முறை. முதலில் மருத்துவரைப் பார்த்து அவர் எழுதிக் கொடுத்தவற்றைச் செய்வதுதான் வரிசை. கூடத்தில் செய்துகொண்டு வந்து, சிவப்பு மையிட்ட எண்களோடு மருத்துவரைத் தேடுவது தலைகீழ்.

அடிப்படைச் சோதனைகளுக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நகர்ப்புற நிலையங்களிலும் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றோடு மேற்சொன்ன மூன்று புற்றுநோய்ப் பரிசோதனைகளும் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. வெளியே போக முடியாதவர்களுக்கு, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையும் கொடுக்கிறார்கள். வசதியுள்ளவர்களில் சிலர் அங்கே போகத் தயங்குகிறார்கள். ரேஷன் கடைச் சர்க்கரையை வாங்கியவர்கள்தானே நாம்! பழைய முறையில் வருமான வரிக் கணக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு செய்தி: முன்தடுப்புப் பரிசோதனைச் செலவில் 5,000 ரூபாய் வரை, மருத்துவச் செலவுக்கான மொத்த வரம்புக்குள், வரிக்கழிவு உண்டு. இதை ரொக்கமாகச் செலுத்தியிருந்தாலும் ஏற்பார்கள். இரசீது மட்டும் பத்திரம்.

நவம்பர்

ஓய்வூதியம் வாங்குவோர் ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் உயிர்ச் சான்று கொடுக்கிறோம். நான் பணியில் இருந்த காலத்தில் கிளை வாசலில் காலை எட்டரைக்கே வரிசை நிற்கும். கைத்தடியோடும், பிள்ளையின் தோளைப் பிடித்தபடியும், மழையில் நனைந்தும் வருவார்கள். ஒருவரும் தவற விடமாட்டார்கள். 2014 முதல் மின்னணு முறை வந்துவிட்டது. விரல் ரேகையோ முகமோ போதும். ஆனாலும் நாளை மறப்பவர் இல்லை, ஏனென்றால் மறந்தால் டிசம்பரில் பணம் வராது.

அந்த மாதத்திலேயே உடம்பையும் காட்டிக்கொண்டால் நினைவில் வைப்பது எளிது. பூசலார் நாயனாரின் குருபூசை ஐப்பசி அனுஷம். அது பெரும்பாலும் நவம்பரை ஒட்டியே வரும். என் வீட்டில் பஞ்சாங்கத்தில் அந்த நட்சத்திரத்தைப் பார்த்து, அதற்கு முந்தைய வாரத்தைப் பரிசோதனைக்கென்று வைத்திருக்கிறோம். என் மனைவிக்கும் எனக்கும் தனித்தனிக் கோப்புகள். வங்கிப் புத்தி என்று அவள் கேலி செய்வாள். முதல் பக்கத்தில் ஒரே தாள்: தேதி, எடை, அழுத்தம், சர்க்கரை, கிரியாட்டினின். ஐந்தாண்டு எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால், ஓர் எண் மெல்ல ஏறுவதை மருத்துவர் ஒரு பார்வையில் கண்டுகொள்கிறார். வீட்டில் உள்ள மாத்திரைகளையெல்லாம், நாட்டு மருந்து, சூரணம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிச் சாப்பிடும் கஷாயம் உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு போகவேண்டும். இன்ஃபுளுயன்சா, நிமோனியா தடுப்பூசிகள் பற்றியும் அன்றே கேட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கவேண்டாம். வெறும் வயிற்றுச் சோதனைகள் ஒரு காலை. கண் பரிசோதனை வேறொரு நாள். சர்க்கரை உள்ளவர்கள், கண்ணாடி எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு வந்துவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்க்கச் சொல்லவேண்டும். கண் நீர் அழுத்தமும் அதோடு பார்ப்பார்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2017 முதல் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் நூம்பலிலும் இயங்குகிறது. எங்கள் பக்கத்தவர்களுக்குப் பேருந்திலேயே போய்வரும் தூரம். பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். அதன்பின் சில மணி நேரம் எழுத்து மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். வண்டி ஓட்டக்கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கறுப்புக் கண்ணாடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை திருவேற்காட்டில் கருமாரி அம்மனைத் தரிசித்துவிட்டு வீடு திரும்பலாம் என்று எண்ணினால், தீபாராதனை வெளிச்சமும் கூசும். தரிசனத்தை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.